புதுப்பட்டினத்துச் சஹனும் பசியை அடக்கும் மாத்திரையும்

செங்கல்பட்டு, காலை ஏழு மணி. மாமல்லபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டுவிட்டேன்.

எனக்குக் குடலிறக்கம். எடை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகப் பசியை அடக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். விடியற்காலை ஒன்று. விழுங்கினால் பொழுது சாயும்வரை சோற்று நினைப்பே வராது, வாய் காய்ந்துபோகும், ராத்திரி தூக்கமும் அரைகுறைதான். "பசிக்கலேன்னு பட்டினி கிடக்காதீங்க. கொஞ்சமா, சத்தா, நேரத்துக்குச் சாப்பிடணும்" என்பது அவர் கண்டிப்பு.

இன்று மட்டும் அதைத் தொடக்கூடாது என்றிருந்தேன். மூத்த மகள் ஜமீலாவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் புதுப்பட்டினம் போகிறோம். போன மாதம் வந்தவாசியில் ஒரு நல்ல இடம் வந்தது. விருந்தில் நான் நாலு கவளத்தோடு எழுந்துவிட்டேன். "எங்க வூட்டு சோறு அவருக்கு எறங்கல" என்று பேச்சையே முறித்துக்கொண்டார்கள். அதனால் என் மனைவி நேற்றே சொல்லிவைத்தாள்: "நாளிக்கு ஒரு நாள் அந்த மாத்திரிய வுட்டுடுங்க. ஆபரேசன் பேச்சும் எடுக்காதீங்க. சீக்குக் குடும்பம்னுடுவாங்க." தலையாட்டியவன்தான். விடியற்காலைத் தொழுகை முடித்து வந்ததும் கை தானாகப் போய் டப்பாவைத் திறந்துவிட்டது.

கூட வந்த மைத்துனன் சலீமிடம் சொன்னேன். அவன் சத்தம் போட்டுச் சிரித்தான். "பிரியாணி துன்னப் போற ஆளு, வாய்க்குப் பூட்டு போட்டுக்கினு வந்துகீறீங்களே மச்சான்!"

பதினாலு கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம். வண்டி பத்து நிமிஷம் நின்றது. பசி இல்லாவிட்டாலும் ஒரு அவித்த முட்டையும் உப்புப் போட்ட மோரும் வாங்கிச் சாப்பிட்டேன். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கம் வந்தால் அப்படியே செய்யுங்கள். வெறும் வயிற்றோடு வெயிலில் இறங்கினால் தலை சுற்றும். முட்டை முப்பத்தைந்து காசு, மோர் பத்துக் காசு.

மலையில் பூசாரி வைக்கும் பொங்கலைத் தின்ன வரும் கழுகுகளைப் பார்க்க வந்த ஒரு அம்மாள் பக்கத்தில் நின்றிருந்தார். "அதுங்க வந்து பொங்கல துன்னுட்டுப் போனாத்தான் பாய் எங்களுக்கு நிம்மதி. வாய வெக்காத பூட்ச்சின்னா அன்னிக்கு எல்லாருக்கும் மூஞ்சி தொங்கிப்பூடும்" என்றார். எனக்கு வந்தவாசி ஞாபகம் வந்தது.

எட்டரைக்கு மாமல்லபுரம். நடந்தால் பசிக்கும் என்று கணக்குப் போட்டேன். பெரிய பாறைச் சிற்பத்திலிருந்து ரதங்கள், அங்கிருந்து கடற்கரைக் கோயில். சிற்பிகளின் உளிச்சத்தம் தெரு முழுக்கத் தொடர்ந்து வந்தது. கடல் காற்று இருந்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரதங்களின் பக்கத்தில் நின்ற கல் யானையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அத்தனை பெரிய உடம்புக்கு எந்த டாக்டரும் மாத்திரை எழுதவில்லை.

"பசி வந்துச்சா மச்சான்?"

"முட்டி வலிதான் வந்துது."

"எனக்கு வந்துடுச்சு. உங்களுக்கும் சேத்து."

அங்கிருந்து தெற்கே வேறு பஸ். கல்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் அணுமின் நிலையத்துக்குச் சிமெண்டு லாரிகள் போனபடி இருந்தன. சாலை முழுக்க வெள்ளைத் தூசி. நண்பகல் தொழுகை நேரத்துக்குப் புதுப்பட்டினம் சேர்ந்தோம். மாப்பிள்ளையின் தகப்பனார் காதர் பாய் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். பருத்த உடம்பு, மெதுவான பேச்சு. அவருடைய அண்ணன் இஸ்மாயில் பாயும் இருந்தார். மாப்பிள்ளைப் பையன் வந்து சலாம் சொல்லிவிட்டுக் கடையைக் கவனிக்கப் போனான்.

தொழுதுவிட்டு வந்ததும் சஹன் வைத்தார்கள். பெரிய தட்டில் நெய்ச்சோறு, மேலே கறி, முட்டை. சுற்றி நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். சஹனில் அவரவர் எதிரில் இருப்பதை அவரவர் சாப்பிட வேண்டும். விருந்தாளி கையை எடுக்கும்வரை வீட்டுக்காரர் எடுக்கமாட்டார். எவ்வளவு சாப்பிட்டோம் என்பதை இலையில் மறைக்கலாம், சஹனில் மறைக்க முடியாது.

முட்டையையும் இரண்டு துண்டு கறியையும் சாப்பிட்டேன். அதற்கு மேல் சோறு வாயில் மண் மாதிரி உருண்டது. வந்தவாசி மாதிரி இங்கேயும் முந்திக் கை எடுக்கப் பயம்; வழக்கத்தை மீறிக் காதர் பாயே முதலில் நிறுத்திவிடமாட்டாரா என்று ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினேன். அவர் நிறுத்தவில்லை. இஸ்மாயில் பாயும் நிறுத்தவில்லை. சலீம் கேலியை மறந்து பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டான். மணி இரண்டாகிவிட்டது. காதர் பாயின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

கடைசியில் அவர் என் பக்கம் சாய்ந்தார். "பாய், அல்லாவுக்காகச் சொல்லுங்க. நீங்க எப்போ கைய எடுப்பீங்க? எனக்கு மூச்சு முட்டுது."

"நீங்க எடுப்பீங்கன்னுதான் நான்…"

அவர் என் எதிரில் இருந்த சோற்றைப் பார்த்தார். "வெச்சது வெச்ச மாதிரியே கீதே. எங்க வூட்டு ருசி ஆவலியா?"

வந்தவாசிப் பேச்சு மறுபடியும் ஆரம்பிக்கிறது. மனைவி சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. குடலிறக்கம், ஆபரேஷன், மாத்திரை, காலையில் செய்த தப்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. சலீம் தலையைக் குனிந்துகொண்டான்.

முதலில் பேசியது திரைக்குப் பின்னால் இருந்த காதர் பாயின் மனைவி. "மொதல்லியே சொல்றதுக்கின்னா? ஒரு துண்டு மீனும் கீரையும் வெச்சிருப்பேனே. இப்டி மூணு ஆம்பளைங்கள சோத்தால அடிச்சுப் போட்டுட்டீங்களே!"

இஸ்மாயில் பாய்க்குச் சிரிப்பில் புரையேறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தோம்.

ஆனால் கிளம்பும்போது காதர் பாய், "வூட்ல கலந்துகினு சொல்லி அனுப்பறோம்" என்றார். வந்தவாசியிலும் இதையேதான் சொன்னார்கள். பஸ் ஏறியதும் ஜன்னல் வழியாக ஒரு சின்னத் தூக்குச்சட்டியைக் கொடுத்தார். வண்டி நகரும்போது, "ஏனம் பத்திரம் பாய்! ஆள்கிட்ட குடுத்து அனுப்பாதீங்க, நீங்களே கொண்ணாரணும்!" என்று கத்தினார். பாத்திரத்தின் மேல் இவ்வளவு கவலையா என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் கண்ணை மூட முடியவில்லை. ஜமீலாவிடம் என்ன சொல்வது?

ஆறரை மணிக்குச் செங்கல்பட்டு. மாத்திரையின் பிடி விட்டு, அன்று முதல்முறையாகப் பசித்தது. பஸ் நிலையத்து பெஞ்சிலேயே தூக்குச்சட்டியைத் திறந்தேன். இரண்டு இடியாப்பம், ஒரு துண்டு வஞ்சிரம், கொஞ்சம் கீரை.

சலீம் எட்டிப் பார்த்தான். "இவ்ளோதானா? கஞ்சனுங்க!"

எங்கள் வீட்டில் விருந்தாளிக்குக் கட்டிக் கொடுத்தால் நாலு பேர் சாப்பிடுகிற மாதிரி கட்டுவோம். குறைத்துக் கட்டினால் அவமானம். காதர் பாயின் மனைவி எனக்கு எவ்வளவு இறங்குமோ அவ்வளவு கட்டியிருந்தார். மெதுவாக, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன். பாதியில்தான் காதர் பாய் கத்தியது விளங்கியது. வேண்டாத இடத்து ஆளை யாரும் நேரில் வந்து பாத்திரத்தைக் கொடு என்று கூப்பிடுவதில்லை.

குழாயடியில் தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்தேன். சம்பந்தி வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. அதில் எதை வைத்துக் கொண்டுபோவது என்ற கவலை, வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே என்னைப் பிடித்துக்கொண்டது.