கரும்பாறை மேரியின் புதுப் பதிப்பு

மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு ஓரிடத்தில் உட்காருவதே தண்டனை. பெங்களூரு காக்ஸ் டவுனில் யூஜின் வீட்டு மாடியில் மட்டும் ஞாயிறு முழுக்க உட்காருவேன். பிரிசில்லா அக்கா விளையாடுவதைப் பார்க்க.

அக்காவுக்கு நாற்பத்துநான்கு வயது. கோலார் தங்கவயலில் பிறந்தவர். சிவாஜிநகர் பக்கம் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார். பதினாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கரும்பாறை மேரி. யூஜின் கதை சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இறங்கி, பகடை உருட்டி, அடித்து, தப்பித்து, சாவோம். செத்தால் திரும்ப முடியாது; புதுப் பாத்திரம் ஒன்றாம் லெவலிலிருந்துதான் வளரவேண்டும். வீரர், திருடர், மந்திரவாதி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வகை; கிளாஸ் என்போம். மேரி சுரங்கக்காரி. பாறை சரியப்போவது அவள் காதுக்கு முன்கூட்டியே கேட்கும். பகடையே வேண்டாம்.

இந்த ஆண்டு யூஜின் விளையாட்டு விதிப் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு மாறினார். அந்தப் புத்தகத்தில் சுரங்கக்காரியே இல்லை.

"மூணு வாரம் டைம் பிரிசி. நீயே புது ரூல்ஸ்ல எழுதி, டேபிள்ல ஓட்டிக் காட்டு. சரியா வரலன்னா மேரிய விட்டுட்டு வேற ஆளு எடுத்துக்கோ."

"பதினாறு வருஷம்டா! சும்னே விட்டுடுவேனா?" அக்காவுக்குக் கோபம் வந்தால் ‘சும்மா’ கன்னடத்தில் ‘சும்னே’ ஆகிவிடும்.

முதல் வாரம் அக்கா பழைய விதியை அப்படியே எடுத்து எழுதினார். ஆபத்து ஒவ்வொன்றையும் மேரியே சொல்லிவிட, மற்றவர்களுக்கு வேலையே இல்லை. எங்கள் திருடன் தருண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதிப்பவன். எதிலும் ஓட்டை தேடுவான்.

"நாங்கல்லாம் எதுக்கு அக்கா? பிரியாணி சாப்பிடவா?"

இரண்டாம் வாரம் அக்கா மேரியின் பலத்தைப் பாதியாக வெட்டினார். முதல் அறையிலேயே ஓர் எலி கடித்து மேரி விழுந்தாள்.

"எலிக்கே அவுட்டா! பெருச்சாளி வந்தா இன்னா பண்ணுவாங்க?" என்றான் தருண். அக்கா சிரிக்கவில்லை.

அன்றிரவே பழைய புத்தகத்தை மறுபடி படித்தபோது அக்காவுக்குச் சிக்கல் பிடிபட்டது. பழைய பதிப்பில் ஒவ்வொரு கிளாஸும் ஒவ்வொரு வேகத்தில் வளரும். திருடன் ஐந்தாம் லெவலைத் தொடும்போது சுரங்கக்காரி மூன்றில் நிற்பாள். அந்தக் காதுக்கு அவள் கொடுத்த விலை அந்தத் தாமதம்தான். புதிய பதிப்பில் எல்லோருக்கும் ஒரே வேகம். விலை காணாமல் போயிருந்தது. காது மட்டும் மிச்சம். பலத்தைக் குறைத்துப் பயனில்லை. புதிதாக ஒரு விலை வேண்டும்.

அது புதன்கிழமை எக்ஸ்ரே அறையில் கிடைத்தது. ஒரு பெரியவரைப் படுக்கவைத்து, வழக்கம்போல, "அசையாதீங்க. மத்தவங்க எல்லாம் வெளிய போங்க" என்று சொன்ன அக்கா, சொன்னதைத் தானே கேட்டு நின்றுவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே விதியை எழுதி முடித்தார்: பாறை சரியப்போவது கேட்டுவிட்டால், மற்ற அனைவரும் வெளியேறும்வரை சுரங்கக்காரி அசையக் கூடாது.

மூன்றாவது ஞாயிறு. யூஜின் எங்களை ஒரு குகைக்குள் இறக்கினார். மேரி நின்றாள். "சரியப் போவுது. ஓடுங்க!"

நாங்கள் ஓடினோம். தருண் மட்டும் நாற்காலியில் சாய்ந்தான்.

"என் திருடன் போமாட்டான். இப்ப உங்க ரூல் என்ன பண்ணும்?"

உண்மையிலேயே ஓட்டைதானோ என்று அக்கா எழுதிய தாளை எட்டிப் பார்த்தேன்.

அக்கா பேனாவைக்கூடத் தொடவில்லை. "ஒன்னும் பண்ணாது. நீ நின்னா மேரியும் நிப்பா. ரெண்டு பேரும் நசுங்குவோம். உன் திருடனுக்கு எத்தன வருஷம்?"

"நாலு."

"மேரிக்கு பதினாறு. நான் ரெடி தம்பி. நீ?"

யூஜின் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். மூன்றுக்கு வருமுன், "ஐயோ, ஓடறேன், ஓடறேன்!" என்று தருண் கத்தினான்.

இப்போது மேரியின் முறை. அவள் தப்பிக்க இருபது முகப் பகடையில் பதினைந்தோ அதற்கு மேலோ விழவேண்டும். அக்கா உருட்டினார். பத்தொன்பது. நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார்.

"பலம் ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல. பாஸ்" என்று யூஜின் தாளில் கையெழுத்திட்டார். "மேரி இங்கதான் இருப்பா."

தருண் அந்தத் தாளைப் பிடுங்கி இரண்டு முறை படித்தான். "அக்கா, அடுத்த வாரம் நானும் சுரங்கக்காரன் ஆவறேன்."

"வா தம்பி," என்றார் அக்கா, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு. "ஒன்னாம் லெவல்லேந்து வா."