ரபீஹாவின் கோபம்

சாஃபி துறைமுகத்து மத்தி மீன் ஆலையில் ரபீஹாவின் கைவேகம் யாருக்கும் வராது. ஆனால் மாதவிலக்குக்கு முந்தைய வாரம் அவள் வேறு ஆளாகிவிடுவாள். வயிறு உப்பும், மார்பு கனக்கும், தலை விண்விண்ணென்று தெறிக்கும். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவாள்.

அப்படியொரு நாளில்தான், கழிப்பறைக்குப் போய்வந்த சக தொழிலாளி மென்னானாவை மேற்பார்வையாளர் லர்பி எல்லார் முன்னாலும் திட்டினான். ரபீஹா மீன் தட்டை அவன் காலடியில் வீசினாள்.

"ஒதுங்கப் போறதுக்குக்கூட உன்கிட்ட கைகட்டி நிக்கணுமா?"

"விடுங்கம்மா, இவளுக்கு அந்த நாள் வந்துடுச்சு போல," என்றான் லர்பி. எல்லோரும் சிரித்தார்கள். மென்னானாவும் சிரித்தாள். அதுதான் ரபீஹாவைச் சுட்டது.

சுகாதார நிலையத்துக்குப் போனாள். "ஏதாவது மாத்திரை குடுங்க, என் வாய் அடங்கணும்."

செவிலியர் தூரியா கேட்டாள்: "காலையில என்ன சாப்பிட்ட?"

"டீ."

"சர்க்கரை?"

"அது இல்லாம டீயா?"

"மாசாமாசம் கருமுட்டை வெளியானதும் உடம்புக்குள்ள சுரப்புங்க ஏறி இறங்கும். எல்லாருக்கும்தான். சில உடம்பு அதைத் தாங்காது. உனக்கு ஏன்னு முழுசா எனக்கும் தெரியாது. ஆனா பட்டினியும் தூக்கமில்லாததும் அதைக் கிளறிவிடும். சாப்பாட்டை, தூக்கத்தை மாத்திப் பாரு. நட. அப்பவும் அடங்கலைன்னா வா, மருந்து இருக்கு. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

ரபீஹா பிடிவாதக்காரி. ஆலை வேனில் போவதை விட்டுக் கடலோரமாக நடந்தாள். விடியலில் மொச்சைக் கூழ் குடித்தாள். உப்பைக் குறைத்தாள். டீயையும்.

"டீ கொதிக்காத வீடா? பக்கத்து வீட்டுக்காரன் நம்மள என்ன நினைப்பான்?" என்றான் கணவன் புஷைப்.

"நினைச்சுட்டுப் போறான். வேணும்னா நீயே போட்டுக் குடி."

முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். விடவில்லை. மெல்ல மெல்லத் தலைவலி தணிந்தது. வயிற்று உப்புசம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கோபம் வந்தது, ஆனால் வருவது அவளுக்கே தெரிந்தது.

ஆச்சரியம் வேறொன்று. மாதவிலக்கு முடிந்து மனம் தெளிந்த நாட்களிலும், மென்னானா பட்ட அவமானம் அவளை உறுத்தியது. அப்படியென்றால் அது உடம்பின் கோளாறு மட்டுமல்ல. அந்தத் தெளிந்த வாரத்திலேயே கையைக் கழுவிக்கொண்டு லர்பியின் முன் போய் நின்றாள்.

"இன்னைக்கு எனக்கு எந்த நாளும் இல்ல, லர்பி. நிதானமா சொல்றேன். ஒதுங்கப் போறவங்களைத் தடுக்காத. காலையில உக்காந்து சாப்பிட நேரம் விடு."

சிரிக்க ஆள் தேடினான் லர்பி. யாரும் சிரிக்கவில்லை. மென்னானா கத்தியைக் கீழே வைத்தாள். பக்கத்திலிருந்தவளும் வைத்தாள். வரிசை முழுவதும் வேலை நின்றது.

"சரி சரி, போறவங்க போங்க. யாரு தடுத்தா?" என்றான்.

சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் பல மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மல்லுக்கட்டினாள்.