மண்டித் தெரு சமிதியில் நஜ்மா

மண்டித் தெருவில் நஜ்மாவிடம் வாயைக் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. அவளுடைய கடைக்கு நைட்டி வாங்க வருகிற பெண்களிடமே, "இந்தக் கலரு உங்களுக்கு வேண்டாமுங்க, மூஞ்சி மங்கலாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வேறொன்றை எடுத்துப் போடுவாள். அவர்களும் அதையே வாங்கிப் போவார்கள். கணவர் அப்பாஸ் கோயம்புத்தூரிலிருந்து சரக்கு எடுத்து வருவதோடு சரி.

பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் மண்டித் தெருதான் பழையது. இரண்டு பக்கமும் நடைபாதைக்கு மேல் ஓட்டுச் சாய்ப்பு, மரத்தூண்கள், பலகை பலகையாகச் செருகி மூடுகிற கடைகள். அரிசி மண்டிகள் போய்ச் செருப்புக்கடையும் மருந்துக்கடையும் வந்துவிட்டன. முகப்பு மட்டும் மாறவில்லை. பஞ்சாயத்து அதைப் பாரம்பரியத் தெரு என்று அறிவித்தது. இனி வெளிப்புறத்தில் எதை மாற்றுவதென்றாலும் அது அமைத்த குழுவான சமிதியின் அனுமதி வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் நஜ்மாவுக்குக் கண்ணாடி முகப்பின்மேல் ஆசை வந்தது. பொம்மைக்கு நைட்டி மாட்டி நிறுத்தினால் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியுமே! விண்ணப்பம் கொடுத்தாள். சமிதியினர் வந்து பார்த்தார்கள். பாலக்காட்டு ஆர்க்கிடெக்ட் ஜோமோள், தூண்களை மறைத்துக் கண்ணாடி வைக்க முடியாது என்றாள்.

"தெருவப் பாக்க வர்றவங்க போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க. நைட்டிய யாருங்க வாங்கறது?"

"இத்தா சொல்றது மனசிலாகுது. ஆனா சட்டத்துல எடமில்லையே" என்றாள் ஜோமோள். அந்தப் பக்கம் முஸ்லிம் அக்காமாரை இத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அதன்பிறகு சமிதி கூடிய போதெல்லாம் நஜ்மா போனாள். யாரும் போய் உட்காரலாம், அவள் உட்காரவில்லை. பின்னால் நின்றுகொண்டு, அவருக்கு எப்படி, எனக்கு ஏன் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி. வார்டு மெம்பர் ஷாஜிக்குத் தாங்கவில்லை.

"இத்தா, பின்னாடி நின்னு கத்தறதுக்கு முன்னாடி வந்து உக்காந்தே கத்துங்க. வியாபாரிகளுக்கு ஒரு எடம் காலியாத்தான் கெடக்குது."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த பிறகு தெரு வேறு மாதிரித் தெரிந்தது. விண்ணப்பிக்கிற எல்லோரும், என் கடைக்கு மட்டும் என்றுதான் கேட்டார்கள். ஒரு நாள் நல்ல மழையில் தெருமுனையிலிருந்து தன் கடைவரை குடையில்லாமல் நடந்து வந்தாள். தலையில் ஒரு சொட்டு விழவில்லை. யாராவது ஒருவர் சாய்ப்பை வெட்டினால் அந்த இடத்தில் எல்லோரும் நனைய வேண்டும். இத்தனை வருடம் இது தோன்றவே இல்லையே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அப்போதுதான் அப்பாஸின் தம்பி முஹ்சின் துபாயிலிருந்து திரும்பினான். நஜ்மாவின் கடைக்கு அடுத்த அறையில் செல்போன் கடை போடத் திட்டம். சாய்ப்பை எடுத்துவிட்டுப் பளபளவென்று அலுமினிய ஷீட் ஒட்ட வேண்டும். "நம்ம மதினிதான் சமிதியில இருக்காங்களே" என்று ஷீட்டுக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டான்.

சமிதியில் நஜ்மா எழுந்தாள். "முஹ்சின் என்ற கொழுந்தனுங்க. நான் ஓட்டுப் போடறது நல்லாருக்காது. ஆனா மழையில நடக்கறவளாச் சொல்றனுங்க, சாய்ப்ப எடுக்க விடாதீங்க."

மற்றவர்களும் சாய்ப்பை எடுக்க அனுமதிக்கவில்லை.

முஹ்சின் நேராகக் கடைக்கு வந்தான். "வேற யாராச்சும் வேண்டாம்னிருந்தாப் பரவால்லீங்க மதினி. நீங்களே சொல்லலாமா?" பதிலுக்கு நிற்காமல் போனான். வீட்டில் அப்பாஸும் ஒற்றைச் சொல்லில் பேசினார். சொன்னது சரி என்பதில் நஜ்மாவுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கடைக்கு வந்தவர்களிடம் சிவந்த பெண்ணுக்கு எந்தக் கலர், கறுத்த பெண்ணுக்கு எந்தக் கலர் என்றுகூடச் சொல்லத் தோன்றாமல், கேட்டதை எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முஹ்சினின் காலி அறைக்குள் நுழைந்தாள்.

"தம்பி, உனக்கு ஷீட்டு வேணுமா, உள்ள இருக்கற போன் வெளிய தெரியோணுமா?"

"போன் தெரிஞ்சாப் போதும்" என்றான், முகத்தைத் திருப்பாமல்.

"அப்ப இதப் புடி."

நாடாவின் மறுமுனையைப் பிடித்தான். தூணிலிருந்து பலகை வரிசைக்கும், அங்கிருந்து உள்ளேயும் அளந்தார்கள். பலகைகளுக்குப் பின்னால் கண்ணாடி. காலையில் பலகையைக் கழற்றினால் கடை முழுக்கத் தெரியும். மாலையில் மூடினால் பழைய தெரு. ஜோமோளை வரச் சொன்னாள். அவள் வந்து பார்த்து, இதை நாம் யோசிக்கவே இல்லையே என்று அங்கேயே வரைந்து கொடுத்தாள்.

சமிதி ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. முதலில் ஒரு கடையில் வைத்துப் பார்க்க வேண்டும். பொருந்தினால் ஆறு மாதம் கழித்து மற்றவர்களுக்கு. பிறகு எந்தக் கடை என்று பார்த்தபோது, அளந்து வரைந்திருந்தது முஹ்சினுடையதுதான்.

"அப்ப என்ற கடை?" என்றாள் நஜ்மா.

"மொதல்ல ஒரு கடைதான்னு இத்தாவும் சேந்துதானே கைதூக்கினீங்க" என்றார் ஷாஜி.

இப்போது முஹ்சினின் கண்ணாடி முகம் பார்க்கிற அளவுக்குப் பளிச்சென்று இருக்கிறது. நஜ்மா கடைக்கு வரும் பெண்கள் நைட்டியைக் கையோடு எடுத்துப் போய் அந்தக் கண்ணாடிமுன் நின்று, மேலே வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

"மதினி, போன் பாக்க வர்றவங்களுக்கு நிக்க எடமில்லீங்க!" என்று அங்கிருந்து முஹ்சின் கத்துகிறான்.

"கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு" என்கிறாள் நஜ்மா. "அந்தப் பச்ச அவங்களுக்கு நல்லாருக்குதா, அதப் பாத்துச் சொல்லு மொதல்ல."