உப்புத் தண்ணீர்ப் பற்றரி

உரும்பிராய் ஏரம்புவின் பேரன் கதிரவேலர். தகப்பன் கந்தப்பு புகையிலைத் தோட்டக்காரர்; மகனுக்கோ மண் ஒட்டவில்லை, றேடியோ திருத்தப் போய்விட்டார். கொக்குவில் தியாகராசாவின் மூத்த மகள் மீனாம்பிகையைக் கட்டினார். அவளுடைய தங்கை அருந்ததிதான் தகப்பன் வீட்டு முன்னறையில் ஒரேயொரு கொம்பியூட்டரை வைத்து வகுப்பு நடத்தியவள். புருசன் கடல் கடந்து போனவன்; போய்ச் சேர்ந்தானோ இல்லையோ, ஒரு தகவலும் இல்லை. அந்த வகுப்புத்தான் அவளுக்குச் சோறு.

சண்டையால் கரண்ட் இல்லாத காலம். மண்ணெண்ணெய் ஜெனறேற்றர் உறுமினால்தான் பெட்டிக்கு உயிர். தொண்ணூற்று மூன்றில் அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டிக்கு ஒரு வருத்தம் வந்தது. உள்ளே மதர்போட் என்ற பச்சைத் தட்டிலே சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு பற்றரி இருக்கும். பெட்டியை நிற்பாட்டிய பிறகும் தேதியையும், எந்த மாதிரி ஹார்ட் டிஸ்க் பூட்டியிருக்கிறது என்பதையும் மறக்காமல் காப்பது அதுதான். அது செத்துப்போனது. யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி கொண்டுவரவே தடை. டோர்ச்சுக்கே வழியில்லாத ஊரில் இதற்கு எங்கே போவது?

காலையில் பெட்டியைப் போட்டால், டிஸ்க்கே இல்லை என்று கைவிரிக்கும். பெட்டி விழிக்கிறபோதே திறக்கும் பயோஸ் செற்றப்பு என்ற பக்கத்துக்குள் போய் டிஸ்க்கின் எண்களைக் கையால் அடித்துக் கொடுக்க வேண்டும். பிழையாக அடித்தால் பாடமெல்லாம் அழிந்துவிடும் என்ற பயத்தில் கதிரவேலர் அந்த வேலையை ஒருவரிடமும் விடவில்லை. விடிந்தால் அருந்ததி வீட்டுக்குச் சைக்கிள். எதிர்க்காற்று, முழங்கால் வலி, செல் குண்டு விழுந்தால் மதிலோடு ஒதுங்கல். மனுசன் உலர்ந்துபோனார்.

"அத்தான், நான் அடிக்கிறனே. பாத்துப் பாத்து எனக்கே பாடம்."

"சும்மா இரு. ஒண்டு பிழைச்சால் உன்ரை வகுப்பு கோவிந்தா."

"ஓமோம், உங்கடை விரலிலைதானே சரஸ்வதி குந்தியிருக்கிறா."

வீட்டில் மீனாம்பிகை வேறு. "இஞ்சாருங்கோ, கோயில் ஐயரும் காய்ச்சலெண்டால் வேறை ஆளை விடுவார். உங்கடை பூசைக்கு மட்டும் ஆளில்லையே?"

அலுப்புத்தான் அவருக்கு அந்த யோசனையைத் தந்தது. செத்த டோர்ச் பற்றரியின் அடியில் ஓட்டை போட்டு, உப்புத் தண்ணீர் விட்டு, மெழுகால் அடைத்து, றேடியோவில் செய்தி கேட்க அப்போது எல்லாரும் வைத்திருந்தார்கள். அவரும் மூன்றை அப்படி உயிர்ப்பித்து ஒன்றாகக் கட்டினார். வெளிப் பற்றரிக்கென்று தட்டில் இருந்த ஊசிகளில் வயரைக் கொளுவி, எந்தப் பற்றரி என்று தட்டுக்குச் சொல்லும், பக்கத்தில் இருந்த ஜம்பர் என்ற சின்ன மூடியை இடம் மாற்றிவிட்டார். கட்டிய பற்றரிகளை வைக்க இடமில்லை. பெட்டிக்குக் கரண்ட் பிரிக்கும் தகரக் கூட்டின் மேலே வைத்து மூடினார். மறுநாள் பெட்டி தானாகவே கண் திறந்தது. கதிரவேலர் கனநாளைக்குப் பிறகு வெயில் ஏறும்வரை படுத்தார்.

அந்தச் சுகம் கொஞ்ச நாள்தான். ஒரு காலை அருந்ததி சைக்கிளில் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அத்தான், பெட்டி பேச்சு மூச்சில்லை."

போய்த் திறந்தார். தகரக் கூட்டின் சூட்டில் மெழுகு உருகி, உப்புத் தண்ணீர் தட்டெல்லாம் வடிந்து பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"கருவாடு போட வேறை இடம் கிடைக்கேல்லையோ?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது.

கதிரவேலர் தட்டைக் கழற்றினார். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு என்று, மழைத் தண்ணீர் கேட்டு வாங்கி, பல் தீட்டும் பிரசால் மெல்ல மெல்லக் கழுவினார். களிம்பைச் சுரண்டினார். நிழலில் உலர வைத்தார். அதுவரை வகுப்பு இல்லை. பிள்ளைகள் வந்து வந்து திரும்பினார்கள்.

உலர்ந்தபின் பூட்டி, ஜெனறேற்றரை இழுத்தார்கள். திரை வெளித்தது. ஆனால் பற்றரி ஊசிகளுக்குப் போகும் செப்பு வரியை உப்பு தின்றுவிட்டது. இனி எந்தப் பற்றரியும் அதில் நிற்காது. டிஸ்க் இல்லை என்றது பெட்டி. கதிரவேலர் செற்றப்புக்குள் போனார். முதல் எண் வந்தது. அடுத்தது வரவில்லை. விரல் அந்தரத்தில் நின்றது. இவ்வளவு நாளும் நித்திரையிலும் சொன்ன எண்.

"தள்ளுங்கோ," என்றாள் அருந்ததி.

அவர் எழும்பினார். அவள் நின்றபடியே அடித்து முடித்தாள். டிஸ்க் கிறுகிறுத்தது, பாடங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன.

"நாளைக்கு உதிலை வந்து நிக்காதேங்கோ. அக்காவோடை வீட்டிலை இருங்கோ."

கதிரவேலர் பிள்ளைகள் இருக்கும் வாங்குப் பலகையில் சாய்ந்தார். ஜெனறேற்றர் இரைச்சலுக்குள்ளேயே மனுசன் நித்திரையாகிவிட்டார்.