டிக்கி மேல் மாப்பிள்ளை

முதலில் சமையலறைப் பலகையில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் தட்டுகள் நடுங்கும். சத்தம் அதற்கப்புறம்தான் வரும். தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கணகணவென்று பேசத் தொடங்கியதுமே தெருப்பிள்ளைகள் நாங்கள் கையில் இருந்ததைப் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடுவோம். எங்கள் அத்தை "கப்பலை" எடுத்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம். திருவொற்றியூர்க் கடலோரத்தில் எங்கள் குப்பத்தைத் தவிர வேறு எங்கும் இல்லாத, எட்டு சிலிண்டர் வைத்த அமெரிக்க வண்டி அது. நீட்டமான மூக்கு, ரெண்டே கதவு, இடது பக்கத்தில் ஸ்டியரிங். எந்தத் துரை அதைத் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கினானோ, எத்தனை கை மாறியதோ, கடைசியில் அத்தையின் புருஷன், அதாவது எங்கள் மாமா, டிரைவராக இருந்த முதலாளி வீட்டிலிருந்து அவரிடமே வந்து சேர்ந்தது. பின்பக்கம் பதித்திருந்த பேரில் பாதி எழுத்து உதிர்ந்துபோயிருந்ததால் அதன் உண்மையான பேர் எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

மாமாவுக்குக் கண்ணில் பூ விழுந்து வெளிச்சம் மங்கியபோது, வண்டியை விற்றுவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். காசிமேட்டில் மீன் ஏலத்தில் நின்று நாலு ஆம்பளைகளின் குரலை ஒரே குரலில் அமுக்குகிற என் அத்தையா விற்பாள்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மாமா பின்சீட்டுக்கு மாறி, அங்கிருந்தே கியருக்குக் கியர் யோசனை சொல்லிக்கொண்டு வருவார். "இது ஆம்பள வண்டியாச்சேக்கா" என்று இழுத்த ஒருவனிடம், "ஏன், வண்டிக்கு மீசை கீதா?" என்று அத்தை கேட்டது ரொம்ப நாள் எங்கள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி வண்டிகள் மேல் உலகத்துக்கு இன்னமும் ஏன் இத்தனை ஆசை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும். பின்சீட்டில் ஏறினால் இறங்குவதற்குள் "பேஜாரு" ஆகிவிடும். எங்கள் சந்துக்குள் திருப்புவதற்கு ரெண்டு பேர் முன்னாலும் பின்னாலும் நின்று கத்த வேண்டும். அதனாலேயே அது கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் மட்டும்தான் வெளியே வரும். ஆனாலும் அதில் தேவைக்கு மேல் பலம் இருந்தது. எங்கள் குப்பத்தில் சோறு, தண்ணீர், இடம் எதுவுமே தேவைக்கு மேல் இருந்ததில்லை. அப்படிப்பட்ட தெருவில் அவ்வளவு பலம் சும்மா நின்றுகொண்டிருந்ததே எங்களுக்குப் பெரிய கௌரவமாக இருந்தது.

அந்தப் பலத்துக்கு வேலை வந்தது என் அக்காவின் கல்யாணத்தில். அக்காவுடையது காதல் கல்யாணம். மாப்பிள்ளை வியாசர்பாடி, மாதச் சம்பளக்காரர். ரெண்டு வீட்டாரும் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தார்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் இன்னும் கை நனைக்கவில்லை. ஏதாவது ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனிலேயே திரும்பிப்போய்விடுவார்கள் என்ற பயம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இருந்தது. அக்கா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை அழைப்பு ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குள் மாப்பிள்ளை மண்டபத்துப் படி ஏறிவிட வேண்டும்.

டோல்கேட்டில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டோம். அத்தை பட்டுப்புடவையில் ஸ்டியரிங் முன்னால், மாலையோடு மாப்பிள்ளை அவள் பக்கத்தில், பின்சீட்டில் மாமாவும் பெண் வீட்டுக் குட்டிப் பிரதிநிதியாக நானும். பின்னால் மாப்பிள்ளையின் அம்மாவும் சொந்தக்காரர்களும் வேனில் வந்தார்கள். விம்கோ நகர்ப் பக்கத்து மண்டபத்துக்குப் போகிற வழியில், எங்கள் குப்பத்தைத் தாண்டும்போது கடற்கரைச் சாலையில் ஒரே கூட்டம். கடல் ஏறியிருந்தது. முதல் நாளே எல்லாரும் படகுகளை மேலே இழுத்துவிட்டிருக்க, கல்யாண வேலையில் எங்கள் நைனா, அதாவது அப்பா, மட்டும் தன் படகை மறந்துவிட்டிருந்தார். எங்களுக்குச் சோறு போடுகிற ஒரே படகு அது. அலை அதைத் தூக்கித் தூக்கி, கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த கருங்கல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு தடவை மோதினால் பிளந்துவிடும். இழுக்கிற தெம்புள்ள ஆம்பளைகள் எல்லாம் மண்டபத்தில் பந்தி வேலையில் இருந்தார்கள். கிழவர்களும் பொம்பளைகளும்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தை பிரேக்கை மிதித்தாள். படகைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள். படகுக்காக நின்றால் ராகுகாலம் வந்துவிடும், போனால் படகு போய்விடும்.

"மாப்ள, கோச்சிக்காத. கொஞ்சம் எறங்கு" என்றாள்.

மூக்கைத் தெருவுக்குள் நுழைத்து, பின்பக்கத்தைக் கடலுக்குக் காட்டி வண்டியை நிறுத்தினாள். தடிக்கயிற்றைக் கொண்டுவந்து பம்பரோடும் அதன் அடியிலிருந்த இரும்போடும் சேர்த்துக் கட்டினார்கள். அத்தை ஆக்சிலேட்டரை மிதித்தாள். எட்டு சிலிண்டரும் ஒன்றாய் உறுமியது. ஆனால் வண்டி நகரவில்லை. பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றி, ரப்பர் கருகிய புகைதான் கிளம்பியது. பலமெல்லாம் முன்னால் இருக்கிறது, பின்னால் பாரம் இல்லை.

"டிக்கி மேல ஆள ஏத்து, வெயிட்டு வேணும்" என்று மாமா கத்தினார்.

யார் ஏறுவது? கிழவர்கள் கயிற்றை விட முடியாது. அப்போதுதான் மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையோடு டிக்கி மேல் தாவி உட்கார்ந்தார். வேன் நின்று, கதவு திறந்து, வியாசர்பாடி ஜனங்கள் இறங்கினார்கள். அவர்கள் என்ன சொல்லப்போகிறார்களோ என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மாப்பிள்ளையின் அம்மா ஒரு நிமிஷம் கடலையும் மகனையும் பார்த்தார். பிறகு தன் கூட்டத்தைப் பார்த்து, "இன்னாடா வேடிக்க பாத்துகினு? போய் அவனாண்ட குந்துங்கடா" என்றார். நாலைந்து பேர் மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டார்கள், மற்றவர்கள் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். வண்டியின் பின்பக்கம் நன்றாக அமுங்கியது. அத்தை மறுபடி மிதித்தாள். இந்தத் தடவை சக்கரம் சாலையைக் கவ்வியது. எங்கள் தெரு முழுக்கத் தட்டுகள் அதிர்ந்திருக்கும், நான் கேட்கவில்லை. கடலைப் பார்த்து உட்கார்ந்த மாப்பிள்ளையோடு கப்பல் தெருவுக்குள் அங்குலம் அங்குலமாய்ப் போக, அதற்குப் பின்னால் நைனாவின் படகு மணலில் ஏறி வந்தது. அப்படி ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை எப்போதோ தாண்டியிருந்தது. மாப்பிள்ளையின் வேட்டியெல்லாம் சேறும் உப்பும்; வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். விஷயம் கேள்விப்பட்ட நைனா கையைக் கூப்பினார். மாடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அக்கா நிற்பது எனக்குத் தெரிந்தது.

"ராகுகாலத்துலதான் அம்மாம் பெரிய படகு கரையேறிச்சி. எம்புள்ள படி ஏறக்கூடாதா?" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா மகனின் கையைப் பிடித்து அவரே படி ஏற்றினார். அன்றைக்கு ராத்திரிப் பந்தியில் ரெண்டு வீட்டாரும் இடம் பார்க்காமல் கலந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நைனாவுக்கு அழுகை நிற்கவே இல்லை.

கப்பலின் பின்பம்பர் நடுவில் வளைந்து, பளபளப்பில் கயிறு அறுத்த தடம் ஆழமாய் விழுந்திருந்தது. தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று வந்தவர்களை எல்லாம் அத்தை விரட்டிவிட்டாள். அதற்கப்புறம் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் அந்த வளைந்த பம்பரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்கள்.

இப்போது அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை. உப்புக்காற்று கப்பலை அரித்து, ஓட்டை விழுந்த தகரமாக்கி, அதுவும் போய்விட்டது. படகு ஏறிய மணலும் இல்லை. அந்த இடம் முழுக்கக் கருங்கல், அலை நேராகக் கல்லில்தான் அடிக்கிறது. எங்கள் வீட்டுப் பலகையில் தட்டுகள் அசையாமல் இருக்கின்றன.

போன மாதம் அக்காவின் மகன் என்னைப் பழைய கார்கள் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கப்பலின் அச்சாகவே ஒன்று, சிவப்பில், கயிறு கட்டி வேலியிட்டு நின்றது. சுற்றிலும் இளவட்டங்கள் போன் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சொந்தக்காரர் ஸ்டார்ட் செய்து காட்டினார். அந்த உறுமல் பாதத்தில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்பக்கம் போய்க் குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

"என்னம்மா தேடுறீங்க? வந்த நாள்லேர்ந்து ஒரு கீறல்கூட விழாமப் பாத்துக்கிறேன்" என்றார் அவர், ரொம்பப் பெருமையாக.

எனக்கு அந்த வண்டியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.