ஒன்று நாற்பத்திரண்டில் ஒரு சறுக்கல்

எப்சிபாவால் ஓரிடத்தில் சேர்ந்தாற்போலப் பத்து நிமிடம் உட்கார முடியாது. தேனி பெரியகுளம் சாலையில் அவள் கணவன் ஞானதுரைக்கு பம்ப்செட் மோட்டார் கடை. அங்கே பில் போட உட்கார்ந்தால் மூன்றாவது பில்லுக்குள் எழுந்துவிடுவாள். அலமாரியில் நேராக இருக்கும் டப்பாக்களைக் கலைத்து மறுபடி அடுக்குவாள், வாசல்வரை போய் வருவாள். வேதக் கோயிலில் பிரசங்கம் நீண்டால் வலது கால் தானாக ஆட ஆரம்பிக்கும். பாடகர் குழுவை நடத்தும் சொர்ணலதா டீச்சர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால்தான் நிற்கும்.

அந்தக் குழுவில் எப்சிபா பேஸ் கிட்டார் வாசித்தாள். அது அவளுக்கு வாய்த்ததே ஒரு விபத்து மாதிரிதான். ஏழு வருடத்துக்கு முன்பு, குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த ஜேசுராஜ் வேலை கிடைத்து மஸ்கட்டுக்குப் போய்விட்டான். கிட்டார் மட்டும் உறை போட்டபடி சுவரோரம் நின்றது. பயிற்சிக்கு எல்லாரும் வந்து சேரும்வரை சும்மா உட்கார முடியாமல் எப்சிபா அதை எடுத்து மடியில் வைத்து, தடித்த நான்கு தந்திகளில் கடைசியை இழுத்துவிட்டாள். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் விலா எலும்புக்கு வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது விரல் நுனிகள் கன்றிப்போயிருந்தன. அடுத்த நாளும் போனாள்.

அந்த அதிர்வு அவளுக்குப் பழக்கமானதுதான். சின்ன வயதில் அவள் வீட்டில் சினிமாப் பாட்டு கிடையாது; அப்பா வைக்க விடமாட்டார். ஆனால் கூடலூரில் இருந்த அத்தை வீட்டுக்கு லீவுக்குப் போகும்போது பஸ்ஸில் பாட்டு ஓடும். கூட்டத்தில் கடைசி இருக்கைதான் கிடைக்கும். பாடுகிற குரல் இன்ஜின் சத்தத்தில் பாதி காணாமல் போய்விடும். அடியில் ஓடும் கனத்த ஒலி மட்டும் இருக்கை வழியாக முதுகில் ஏறும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஊர்கள் கடந்துபோக, அவள் பாட்டைக் கேட்டதெல்லாம் முதுகால்தான்.

கோயில் கீர்த்தனைகளுக்கு பேஸ் நேராக நடந்தால் போதும். சினிமாப் பாட்டில் அது நடக்காது, அலையும். பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் நுழைந்து தன் பாட்டுக்கு எதையோ சொல்லிவிட்டுத் திரும்பும். அப்படி அலைவதுதான் எப்சிபாவுக்குப் பிடித்தது. சொந்தமாக ஒரு கிட்டார் வாங்கினாள். கடைக்கு மேலே சரக்கு வைக்கும் அறையில், மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை, ஞானதுரை சாப்பிட்டுக் கண் அசரும் நேரத்தில், ஒவ்வொரு பாட்டாகப் பிரித்துப் பிடித்தாள். பாட்டு காதில் ஓட, அதன்மேல் தன் பேஸைக் கொஞ்சம் தூக்கலாக வாசித்துப் பதிந்து, யூடியூபில் போட்டாள். சேனலுக்குக் ‘கீழ்த்தந்தி’ என்று பெயர் வைத்தாள். வீடியோவில் முகமோ உடம்போ தெரியாது. வளையல் கழற்றிய இரண்டு கை, ஒரு கிட்டார், பின்னால் அட்டைப்பெட்டிகள். முகம் தெரிந்தால், குழுவில் வாசிக்கிறவளுக்குச் சினிமாப் பாட்டு எதற்கு என்று கோயிலில் பேச்சு வரும்; பேச்சு வந்தால் சொர்ணலதா டீச்சர் வருவார்.

ஒவ்வொரு வீடியோவையும் நாற்பது பேர், ஐம்பது பேர் பார்த்தார்கள். முதல் முதலாக ஞானதுரையிடம் காட்டியபோது அவன் போனைக் காதருகே வைத்து, திருப்பி வைத்து, ஒலியைக் கூட்டிப் பார்த்தான்.

“பாட்டு கேக்குது. நீ வாசிச்சது எங்கன இருக்கு? சும்மா கைய ஆட்டுற மாதிரில்ல இருக்கு.”

“போன் ஸ்பீக்கர்ல கீழ் சத்தம் வராதுங்க. ஹெட்போன் போட்டுக் கேளுங்க.”

போட்டுக் கேட்டான். சோற்றைப் பிசைந்தபடி கண்ணை மூடி முழுதாகக் கேட்டான். “நம்ம அஞ்சு எச்பி மோட்டார் லோடு இல்லாம ஓடுற மாதிரி சுகமா இருக்கு, எப்சி,” என்றான். இதற்குக் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று அவளுக்கு இரண்டு நாள் தெரியவில்லை.

போன வருடம் ஆடி மாதம் ஒரு பாட்டை எடுத்தாள். எல்லாருக்கும் தெரிந்த பழைய மழைப் பாட்டு. தேனி மாவட்டத்தில் அது ஒலிக்காத கல்யாண மண்டபம் இல்லை. பள்ளத்தாக்கில் காற்று பேயாக வீசிக்கொண்டிருந்தது. ஜன்னல் கதவு அடிக்கும், அட்டைப்பெட்டி சரியும், மறுபடி முதலிலிருந்து. மூன்று மதியங்கள் போயின. பதினாறாவது தடவை முக்கால்வாசி சுத்தமாக வந்துகொண்டிருந்தபோது, கடையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கர்ணன் சாப்பாடு முடிந்து சீக்கிரமே திரும்பி வந்து கீழே ஒரு மோட்டாரைச் சோதிக்கப் போட்டுவிட்டான். தரை உறுமியது. எப்சிபா திடுக்கிட்டாள், இடது கை தந்தியோடு மேலே கிட்டாரின் பாதிக் கழுத்துவரை வழுக்கி ஓடி, அதே வேகத்தில் கீழே வந்து விட்ட இடத்தைப் பிடித்தது. சரியாக ஒரு நிமிடம் நாற்பத்திரண்டாவது நொடி.

வாசித்து முடித்துவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள். “கர்ணா, மூணரைக்குத்தான போடணும்னு சொல்லியிருக்கேன்!”

“நம்ம அண்ணாச்சிதான் அவசரம்னு சொன்னாகக்கா,” என்று குரல் வந்தது.

பதினேழாவது தடவை கச்சிதமாக வந்தது. அதைத்தான் போட நினைத்தாள். ஆனால் கூடலூர் அத்தைக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்து, ஞானதுரை வண்டியை எடுத்துவிட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். படி இறங்கிக்கொண்டே பதிவேற்றினாள். இரண்டு வீடியோவிலும் அதே கை, அதே பெட்டி. போனது பதினாறாவது.

அத்தை வீட்டில் இரண்டு நாள். போனைத் திறக்கவே நேரமில்லை. மூன்றாம் நாள் கம்பம் தாண்டி வரும்போது வண்டியில் திறந்தவள், ஏதோ கோளாறு என்று நினைத்து அணைத்துவிட்டு மறுபடி திறந்தாள். எண்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

‘அண்ணே, 1:42, நீ மனுசனே இல்ல.’ ‘அந்த ஒரு சறுக்கலுக்காக நாப்பது தடவை கேட்டேன் ப்ரோ.’ ‘ஒரிஜினல்ல இது இருந்ததே இவ்வளவு நாள் தெரியாமப் போச்சு.’

எல்லாரும் அவளை அண்ணன் என்றார்கள், அது புதிதில்லை. அந்த 1:42-தான் புதிது. எல்லாரும் அதையே ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்று வீடு வந்து சேர்வதற்குள் புரிந்துவிட்டது. போனில் கீழ் சத்தம் கேட்காது. அவள் மூன்று மதியம் உட்கார்ந்து ஒழுங்கு பண்ணியது எதுவும் முக்கால்வாசிப் பேர் காதில் விழவே இல்லை. மேலே ஏறி ஓடிய அந்தத் தப்பு மட்டும்தான் விழுந்திருக்கிறது.

“அழிச்சிரப் போறேன்,” என்றாள்.

“கிறுக்கா ஒனக்கு? ஊரே நல்லாருக்குன்னு சொல்லுது,” என்றான் ஞானதுரை.

“தப்புங்க அது. அந்தப் பாட்டுல அப்படி இல்ல.”

“ஒனக்குத் தெரியும். அவகளுக்குத் தெரியாதுல்ல? விட்ரு.”

விட முடியவில்லை. பதினேழாவதைப் போட்டு, ‘இதுதான் சரியானது’ என்று எழுதினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர், ‘முன்னப் போட்டதுதான் சரி, இதுல அந்த இடத்த விட்டுட்டீங்க’ என்று திருத்தியிருந்தார். பழைய வீடியோவை அழிக்கப் பொத்தான்மேல் விரலைக் கொண்டுபோவாள்; அதற்குள் இன்னும் ஆயிரம் பேர் கூடியிருப்பார்கள்; விரலை எடுத்துவிடுவாள். ஆவணி வரும்போது மூன்று லட்சம். அவள் அசலைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்கக் கேட்க வேறொரு பயம் வந்தது. அந்த இடம் நெருங்கும்போது இல்லாத சறுக்கல் அவள் காதில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனையின் நடுவில் இடது கை மேலே ஏறப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

கார்த்திகையில் ஒச்சாண்டி மகளுக்குக் கம்பத்தில் கல்யாணம். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். இருபது வருடமாக ஞானதுரையிடம்தான் மோட்டார் வாங்குகிறார். காலையில் முகூர்த்தம், மதியம் விருந்து, மண்டபத்தில் மதுரையிலிருந்து வந்த இசைக்குழு. எப்சிபா பந்தியிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது மழைப் பாட்டு தொடங்கியது. குழாயை மூடாமல் நின்றாள். பெரிய ஸ்பீக்கர், பேஸ் தரையோடு வந்தது. பையன் நன்றாக வாசித்தான். முதல் சரணத்தின் நடுவில், அதே இடத்தில், தந்தியோடு மேலே ஏறி இறங்கினான். இறங்கியவன் டிரம்ஸ்காரனைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

பாட்டு முடிந்து குழு இளைப்பாறியபோது எப்சிபா மேடைப் பக்கம் போனாள். பட்டுப்புடவை முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

“தம்பி, மழைப் பாட்டுல மேல ஏறி எறங்குனீகளே, அது பாட்டுல கெடையாது.”

இருபத்தைந்து வயதிருக்கும். பிரின்ஸ் என்று பெயர். மரியாதையாகத்தான் சிரித்தான். “இருக்குக்கா. பேஸ் எல்லாம் சாதாரணமாக் காதுல விழாது, அதான் நீங்க கவனிச்சிருக்க மாட்டீக.” போனை எடுத்துக் காட்டினான். “இந்தா பாருங்க. கீழ்த்தந்தின்னு ஒரு அண்ணன். பெரிய ஆளு. கோயம்புத்தூர்ப் பக்கம்னு சொல்றாக. இதப் பாத்துத்தான் நாங்க எல்லாருமே வாசிக்கிறோம்.”

போனில் அவளுடைய கைகள். தேங்காய் துருவும்போது வெட்டிக்கொண்ட காயத்தின் தழும்பு ஆட்காட்டி விரலில் தெளிவாகத் தெரிந்தது.

“அது கை வழுக்குனது, தம்பி. கீழ மோட்டார் போட்டுட்டாக.”

பிரின்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்சிபாவுக்கு விளக்கிச் சொல்லும் பொறுமை இல்லை. “அதக் குடுங்க,” என்று கையை நீட்டினாள். அவன் தயங்கி, கிட்டாரைக் கழற்றிக் கொடுத்தான். வயர் சொருகியபடியே இருந்ததை இருவருமே யோசிக்கவில்லை. அவள் அந்த இடத்துக்கு நாலு வரி முன்னாலிருந்து ஆரம்பித்தாள். மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நேராக வாசிக்கத்தான் போனாள். ஆனால் அந்த இடம் வந்ததும் கை, அவளைக் கேட்காமல், மேலே ஏறி இறங்கியது.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு விரலையும் பிடித்து வைத்தமாதிரி, அசல் எப்படியோ அப்படி வாசித்து நிறுத்தினாள்.

பிரின்ஸ் அவள் விரலைப் பார்த்தான், போனைப் பார்த்தான். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு எழுந்து நின்றான்.

“அக்கா... நீங்களாக்கா?”

“ஆமா. ரெண்டாவது வாசிச்சதுதான் சரி.”

“சரிதான்க்கா. ஆனா மொத வாசிச்சதுதான் நல்லாருக்கு. இனிமே நான் எப்படி வாசிக்க?”

எப்சிபா கிட்டாரைக் கழற்றினாள். மைக்கில் பெயர் சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிட்டாரைக் கொடுத்துத் திரும்பியபோது, பெண்கள் வரிசையில் சொர்ணலதா டீச்சர் உட்கார்ந்திருந்தார். உத்தமபாளையம் பள்ளியில் மணப்பெண்ணுக்குப் பாடம் எடுத்தவர். கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேனி வரும்வரை எப்சிபா வண்டிக்குள் வளையலைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். “என்ன செஞ்சிருவாக? கோயில்ல வேணாம்னு சொன்னா நின்னுக்க. வீட்ல வாசி,” என்றான் ஞானதுரை. அவனுக்குச் சொல்வது எளிது. கோயிலின் உயர்ந்த கூரைக்குக் கீழே அந்த ஒலி போகிற மாதிரி சரக்கு அறையில் போகாது.

சனிக்கிழமை பயிற்சிக்கு அரை மணி முன்னதாகவே போய்விட்டாள். டீச்சரும் முன்னதாக வந்திருந்தார். பாட்டுப் புத்தகங்களை அடுக்கியபடி, நிமிராமலே கேட்டார்.

“எத்தன வருசமா இது?”

“நாலு வருசம், டீச்சர்.”

“கோயில் கமிட்டியில யாராச்சும் பாத்திருந்தா இந்நேரம் கூட்டம் போட்டிருப்பாக.” ஒரு புத்தகத்தின் மடங்கிய ஓரத்தை நிமிர்த்தினார். “மண்டபத்துல ரெண்டு தரம் வாசிச்ச. மொதத் தரம் தப்பு.”

எப்சிபா ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

“அங்கன பேஸ் மேல போகாது. பாடுறவ மூச்சு எடுப்பா; அது கீழயே நின்னு அவளுக்காகக் காத்திருக்கும். அதுதான் அந்தப் பாட்டுக்கே அழகு. நீ மேல போயி அதக் கெடுத்துட்ட.”

“டீச்சர், ஒங்களுக்கு...”

“ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்ல ரேடியோ இருந்துச்சு,” என்று மட்டும் சொன்னார் சொர்ணலதா டீச்சர். பிறகு நிமிர்ந்தார். “கீர்த்தனையில அந்த வேலையெல்லாம் வேணாம். போன ஞாயிறே தந்தி இறங்கியிருந்துச்சு, சரி பண்ணு.”

எப்சிபா உறையைக் கழற்றினாள். மூன்று லட்சம் பேரில் ஒருவர்கூடச் சொல்லாததை ஒரே ஒருவர் சொல்லிவிட்டார். அழுகை வருமோ என்று பயந்தாள். வரவில்லை, சிரிப்புதான் வந்தது. குனிந்துகொண்டு தந்தியை முறுக்கினாள்.

அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. அதன் கீழே அவளே எழுதி வைத்திருக்கிறாள்: ‘1:42-ல் வருவது பிழை. வாசித்தது அண்ணன் இல்லை, அக்கா.’ முதல் வரியை யாரும் நம்பவில்லை, தன்னடக்கம் என்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிச் சண்டை நடக்கிறது. பிரின்ஸ் மாதம் ஒருமுறை கூப்பிட்டு ஏதாவது ஒரு பாட்டில் சந்தேகம் கேட்கிறான். கல்யாண மேடைகளில் இன்னமும் மேலே ஏறித்தான் இறங்குகிறானாம். நேராக வாசித்தால் ஜனங்கள் வந்து, அந்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார்களாம். எப்சிபா அதைக் கேட்டு அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே திட்டினாள்.

இப்போது வேறொரு பாட்டை எடுத்திருக்கிறாள். வேகமான பாட்டு, விரலுக்கு எட்டாத பாட்டு. நேற்று மதியம் இருபத்து மூன்றாவது தடவை வரை போனாள், ஒன்றும் தேறவில்லை. கர்ணன் கீழிருந்து, “அக்கா, மோட்டார் போடவா?” என்று கேட்டான்.

“இன்னும் ஒரே ஒரு தரம்டா,” என்று சொல்லிவிட்டு அவள் ஹெட்போனை மாட்டினாள்.