காற்றுக்கு விட்ட விரற்கடை

கத்திவாக்கத்து வேம்புக்குப் பாய் வெட்டத் தெரியும். கட்டுமரத்துப் பாய். புருஷன் கிருஷ்ணப்பன் துணியை மணலில் விரித்து இழுத்துப் பிடிப்பான். கத்தரி அவள் கையில் இருக்கும்.

"சாய்வா வெட்ற பக்கத்துல ஒரு விரக்கடை கொறைச்சுக்கோ. மீதிய காத்து இழுத்துக் குடுத்துடும்" என்பான்.

நெசவுக்குச் சாய்வாக வெட்டிய துணி இழுபடும் என்பது அந்தக் கரையில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

ஐம்பத்திரண்டாம் வருஷ ஐப்பசியில் கடலுக்குப் போனவனின் கட்டுமரக் கட்டைகள் எண்ணூர் முகத்துவாரத்தில் ஓரிடத்தில் ஒதுங்கின, பாய் ஓரிடத்தில். அவன் எங்கேயும் ஒதுங்கவில்லை.

வேம்பு எட்டாவது வரை படித்தவள். ராயபுரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி, புருஷனை இழந்த பெண்களையும் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டது; வேம்பு சேர்ந்தாள். தேறினால் சொந்தச் சோறு. தேறாவிட்டால் கொழுந்தன் வீட்டு மூலை; அந்த மூலையை அவன் பெண்சாதி இப்போதே பெருக்கி வைத்துவிட்டாள்.

இரண்டாம் வருஷக் கடைசியில் கைவேலைப் பரீட்சை வந்தது. முக்கோணத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் ஒரே படத்தில் வரவேண்டும். பக்கத்தால் மூன்று வகை, கோணத்தால் மூன்று வகை. படம் முழுக்க ஒரே பொருளால் ஆகியிருக்கவேண்டும், நடு முக்கோணத்தின் பக்கம் பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. கூடப் படித்த ஐரீன் வண்ணக் காகிதத்தில் மாதா கோயில் ஒட்டினாள். காகிதத்துக்குக் காசில்லாத வேம்பு ஊருக்குப் போய் மாமியார் முன்னால் நின்றாள்.

கெங்கம்மா பெட்டியைத் திறந்து மகனின் பாயில் மிஞ்சியிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"வெட்டிக்கோ. இந்த மூலைய மட்டும் தொடாத. கிழிசலுக்கு அவன் கையால போட்ட தையல் கீது பாரு. இத்த எனக்குத் திருப்பி எடுத்தாந்துடு."

வேம்பு கடலைத் தைத்தாள். அலைக்கு விரிகோணம், படகு முனைக்குச் செங்கோணம், பறவைகளுக்கு இருசமபக்கம், பாறைக்கு மூன்று பக்கமும் மூன்று அளவு. மீன்களெல்லாம் குறுங்கோணம். நடுவில் பாய், அதுதான் சமபக்க முக்கோணம்.

பரீட்சைக்கு வந்த அதிகாரி அளவுகோலை நடுப்பாயின் மேல் வைத்தார். மறுபடியும் வைத்தார்.

"அடிப்பக்கம் பன்னிரண்டு அங்குலம். மத்த ரெண்டும் பதினொண்ணேகால். இதுவும் இருசமபக்கம்தானேம்மா? சமபக்கம் எங்கே?"

"காத்து பட்டா சரியாப் பூடும் சார்."

வகுப்பே சிரித்தது. ஐரீன் மட்டும் சிரிக்காமல் காதருகே வந்தாள். "அடியே, செவுத்துல மாட்ற துணிக்கு ஏதுடி காத்து?"

வேம்புக்கு அப்போதுதான் உறைத்தது. காற்று இல்லாதது மட்டுமா? அவன் ஓட்டிய ஆறு வருஷத்தில் அந்தத் துணி இழுபடவேண்டியதெல்லாம் இழுபட்டு முடிந்துவிட்டது. இனி அதில் நீள ஒரு நூல் இல்லை. அது தெரிந்தவள்தான். ஆனாலும் கை, அவன் சொன்ன விரற்கடையை விட்டிருந்தது.

"நாலு மணி வரைக்கும் இருப்பேன், சரி பண்ணிக் கொண்டாங்க" என்றார் அதிகாரி. கெட்ட மனிதரில்லை.

படத்துக்குப் போகப் பையில் மிச்சம் இருந்தது கெங்கம்மா திருப்பிக் கேட்ட அந்த மூலை மட்டும்தான்.

ஐரீன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வேம்பு அளவுகோலை வைத்துக் கோடிழுத்து, கோட்டின் மேலேயே வெட்டினாள். ஒரு நூல்கூட விடவில்லை. பிரித்து எடுக்க நேரமில்லாததால் அவனுடைய தையல் நடுவிலேயே ஓடியது.

"பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு" என்றார் அதிகாரி. "இந்தத் தையல் ஏன் இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது?"

"பழைய துணி சார்."

தேறிவிட்டாள். படத்தைப் பள்ளிக்கூடமே வைத்துக்கொண்டது. கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். வேம்பு வெறும் பையோடு ரயிலேறினாள்.

கெங்கம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். பையைப் பார்த்தாள்.

"மூலை எங்கம்மா?"

"அத்தே... அதையும் வெட்டிட்டேன். அது இல்லாம பாஸாகியிருக்க மாட்டேன்."

கிழவி திட்டவில்லை. உள்ளே போய் ஒரு லோட்டா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வேம்பு குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"எப்பிடி வெட்டுன?"

"மூணு பக்கமும் ஒரே அளவா."

"பாயவா? காத்துக்கு வுடாமயா?" கெங்கம்மா கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒரு நாளும் அவன் அப்பிடி வெட்டச் சொன்னதில்லியே."